பழைய பிக்கப்பில் மின்சாரம் திடீரெனப் போனால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்கு லோடு போகும் பழைய டீசல் பிக்கப் ஒன்றைப் பல வருடங்களாக வைத்து ஓட்டுகிறேன். அது என்னை நடுவழியில் நிறுத்திய தடவைகளில் இன்ஜின் கோளாறால் நின்றவை குறைவு. மின்சாரம் போய் நின்றவையே அதிகம். தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் பேட்டரியைத்தான் சந்தேகித்தேன். வாங்கிய மூன்று பேட்டரிகளில் இரண்டைத் தேவையில்லாமல் வாங்கினேன் என்பது பிறகுதான் புரிந்தது. கோளாறு பெரும்பாலும் பேட்டரியிலும் இல்லை, டைனமோவிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே மின்சாரம் போய்வரும் வழியில், ஒரு பேட்டரி கிளாம்ப்பிலோ, எர்த் பட்டையிலோ, வயர்களை இணைக்கும், சூட்டில் வெந்துபோன கப்ளரிலோ இருந்தது. ஆகவே ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனையை முதலிலும், டைனமோவையோ செல்ஃப் மோட்டாரையோ கழற்றும் வேலையைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். ஆல்டர்னேட்டரை நம் பட்டறைகளில் இன்றும் டைனமோ என்றே சொல்வதால் இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

இந்த வழிமுறை, டீசல் பம்ப் மெக்கானிக்கலாக இருக்கும் 12 வோல்ட் வண்டிகளுக்கு உரியது. காமன் ரெயிலும் ஈசிஎம் பெட்டியும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) உள்ள வண்டியாக இருந்தால் பேட்டரி, கிளாம்ப், எர்த், ஃபியூஸ் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டெஸ்ட் லாம்ப்பைக் கண்ட கண்ட வயரில் குத்திப் பார்ப்பது அங்கே ஈசிஎம்முக்கே உலை வைத்துவிடும்.

## கை வைப்பதற்கு முன்

வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை அதிகமில்லை. 10, 12, 13 எண் ஸ்பேனர்கள், ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், உப்புத்தாள் ஒரு துண்டு, உதிரி ஃபியூஸ்கள், இன்சுலேஷன் டேப், இரண்டு மீட்டர் தடித்த வயர், ஒரு டெஸ்ட் லாம்ப். டெஸ்ட் லாம்ப்பைக் கடையில் வாங்கத் தேவையில்லை. 5 வாட் பல்பு ஒன்றின் ஹோல்டரில் இரண்டு வயர்களை இணைத்து, ஒன்றின் முனையில் முதலைக் கிளிப்பும் மற்றதில் தைக்கும் ஊசியும் வைத்தால் போதும். பல இடங்களில் மல்டிமீட்டரைவிட இதையே நான் நம்புகிறேன். அரித்துப்போய்ப் பேருக்குத் தொட்டுக்கொண்டிருக்கும் இணைப்பில்கூட மீட்டர் 12 வோல்ட் என்று காட்டிவிடும். பல்பு கொஞ்சமாவது மின்சாரம் இழுப்பதால், அப்படிப்பட்ட இடத்தில் மங்கியோ எரியாமலோ காட்டிக்கொடுக்கும்.

கையில் உள்ள மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பாசிட்டிவ் முனையைத் தொடும் ஸ்பேனரும் பாடியைத் தொடும் மோதிரமும் சேர்ந்தால் விரல் வெந்துபோகும். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். பேட்டரிப் பக்கம் பீடி, சிகரெட், தீக்குச்சி வெளிச்சம் எதுவும் கூடாது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் ஒரு பொறியில் வெடிக்கும். மேல்மூடியோடு ஆசிடும் முகத்தில் வந்து விழும்.

பிளாஸ்டிக் தீயும் வாடை வந்தாலோ, டேஷ்போர்டுக்குக் கீழிருந்து புகை வந்தாலோ, கீழே உள்ள எந்தச் சோதனையும் வேண்டாம். நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றிவிட்டு, வண்டியை இழுத்துக்கொண்டு எலக்ட்ரீஷியனிடம் போவதே வழி.

## அறிகுறி 1: ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் ஒரு நொடியில் அணைந்துவிட்டது

இரவில் இது நடந்தால் முகப்பு விளக்கு, ஹசார்டு, ஹாரன் மூன்றும் சேர்ந்தே போயிருக்கும். இன்ஜினும் நின்றிருந்தால் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் ஓரிரு மிதிப்புக்கு மட்டுமே வரும். ஆகவே விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி, இருக்கும் வேகத்திலேயே இடப்பக்கம் ஒதுக்குங்கள். முக்கோணப் பலகை இல்லாவிட்டால் பச்சைக் கொப்பை ஒடித்துப் பின்னால் போடுவது நம் வழக்கம். இருட்டில் அது யார் கண்ணுக்கும் படாது என்பதால் பலகை ஒன்றை வாங்கி சீட்டுக்குப் பின்னால் வைத்துவிடுவது நல்லது.

### இன்ஜின் ஓடுகிறது, ஆனால் விளக்கு, ஹாரன், மீட்டர் எதுவும் இல்லை

கேபிளை இழுத்து இன்ஜினை நிறுத்தும் வண்டிகளில் இதைப் பார்க்கலாம். இன்ஜின் ஓடினால் டைனமோவும் சுற்றுகிறது. பேட்டரி செத்துப்போயிருந்தாலும் டைனமோவே விளக்குகளுக்குக் கொடுத்திருக்கும். எனவே பேட்டரியை விட்டுவிடுங்கள். இரண்டிலிருந்தும் கேபினுக்குள் போகும் பொதுவான வழியில்தான் அறுபட்டிருக்கிறது. பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேரும்வரை இன்ஜினை அணைக்க வேண்டாம், மறுபடி ஸ்டார்ட் ஆகும் என்பதற்கு உறுதியில்லை.

முதலில் பார்க்க வேண்டியது பேட்டரிக்கு அருகில் பாசிட்டிவ் வயரோடு இருக்கும் மெயின் ஃபியூஸ் அல்லது ஃபியூசிபிள் லிங்க். லிங்க் என்பது பார்வைக்குச் சாதாரண வயர் போலவே இருக்கும். உள்ளே கம்பி உருகிப்போனாலும் மேல்தோல் அப்படியே நிற்கும். இன்ஜினை அணைத்துவிட்டு இரு முனையையும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். ரப்பர் போல நீண்டு கொடுத்தால் உள்ளே கம்பி இல்லை என்று பொருள். தோல் உப்பியிருந்தாலும் அதே முடிவுதான். சந்தேகம் இருந்தால் டெஸ்ட் லாம்ப்பின் கிளிப்பை எர்த்தில் மாட்டி, லிங்கின் இரு முனைகளிலும் ஊசியை வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் எரிந்து மறுமுனையில் எரியாவிட்டால் லிங்க் போய்விட்டது.

லிங்க் நன்றாக இருந்தால், இன்ஜின் அறையிலிருந்து கேபினுக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் பெரிய கப்ளரைத் தொட்டுப் பாருங்கள். சூடாகவோ, பிளாஸ்டிக் பழுப்பேறியோ இருந்தால் உள்ளே பின் தளர்ந்து தீய்ந்திருக்கிறது. ஒருமுறை கழற்றி மாட்டினால் தற்காலிகமாக உயிர் வரும். வீடு போய்ச் சேர அது போதும், ஆனால் மறுநாளே அந்தப் பின்னை மாற்றியாக வேண்டும். அதுவும் சரியாக இருந்தால் கேபினுக்கும் சேஸுக்கும் நடுவே உள்ள எர்த் வயரைப் பாருங்கள்.

### இன்ஜினும் சேர்ந்தே நின்றுவிட்டது

ரோட்டரி வகைப் பம்ப்பில் டீசலைத் திறந்துவிடும் சொலினாய்டு (மின்சாரத்தால் திறக்கும் வால்வு) ஒன்று உண்டு. அதற்கு மின்சாரம் நின்றால் டீசலும் நிற்கும். வண்டி டீசலில் நின்றது போலத் தோன்றும், வடிகட்டியைக் கழற்றிக் காற்றெடுத்துக்கொண்டிருப்போம். கோளாறோ வயரில் இருக்கும்.

சாவியைத் தொடாமல் ஹசார்டு விளக்கையும் ஹாரனையும் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் இவற்றில் ஒன்றாவது சாவி சுவிட்ச் வழியாகப் போகாமல் பேட்டரியிலிருந்து நேராக வரும். அது வேலை செய்து, சாவியைத் திருப்பியும் மீட்டர் விளக்குகள் எரியாவிட்டால் சந்தேகம் சாவி சுவிட்சின் மேல் விழ வேண்டும். சாவியை ஆன் நிலையில் வைத்து இலேசாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அசைவுக்கு ஏற்ப விளக்கு வந்து வந்து போனால் சுவிட்சின் உள்தகடு தேய்ந்துவிட்டது. வீட்டுச் சாவி, கடைச் சாவி, பெட்டிச் சாவி எல்லாவற்றையும் ஒரே கொத்தாகத் தொங்கவிட்டு ஓட்டுபவர்களுக்கு இது சீக்கிரம் வரும். என் வண்டியில் அப்படித்தான் வந்தது.

எதுவுமே வேலை செய்யாவிட்டால் மெயின் லிங்க், பேட்டரி கிளாம்ப், எர்த் பட்டை என்ற வரிசையில் பாருங்கள்.

மற்ற எல்லாம் சரியாக இருந்து சொலினாய்டுக்கு மட்டும் மின்சாரம் வரவில்லையா என்று அறிய, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லி, பம்ப்பின் பக்கத்தில் காதை வையுங்கள். "டக்" என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் சொலினாய்டின் முனையில் டெஸ்ட் லாம்ப்பை வைத்துப் பாருங்கள். அங்கே பல்பு எரிந்தால் சொலினாய்டு போய்விட்டது. எரியாவிட்டால் அதன் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த தனி வயர் ஒன்றை நேராக அந்த முனைக்குக் கொடுத்து ஸ்டார்ட் செய்து ஓட்டி வரலாம். இப்படி ஓட்டும்போது சாவியை அணைத்தாலும் இன்ஜின் நிற்காது, அந்த வயரைப் பிடுங்கினால்தான் நிற்கும் என்பதை உடன் வருபவரிடமும் சொல்லி வையுங்கள். சொலினாய்டுக்கு மின்சாரம் இல்லாமல் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முயல்வது தள்ளுபவர்களின் முதுகுக்குத்தான் கேடு.

### விளக்குகள் பளிச்சென்று எரிந்து, பிறகு அணைந்தன

ஓட்டத்தில் பேட்டரி கிளாம்ப் கழன்றிருக்கும். பேட்டரி என்னும் தாங்கி இல்லாமல் டைனமோவின் வோல்டேஜ் கட்டுக்கு அடங்காமல் ஏறி, பல்புகளைச் சுட்டிருக்கும். கிளாம்ப்பை இறுக்குங்கள், பல்புகளை மாற்றுங்கள், அதன் பிறகு அறிகுறி 4-இல் உள்ள சார்ஜ் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். அந்த அடியில் டைனமோவின் டையோடுகளும் போயிருக்க வாய்ப்பு உண்டு. "டைனமோ நல்லா இருக்கா பார்ப்போம்" என்று ஓடும் இன்ஜினில் பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. அது இதே விபத்தைக் கையால் வரவழைப்பது; உங்கள் வண்டியில் யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள்.

எலக்ட்ரீஷியனிடம் போக வேண்டிய கட்டம்: புதிதாகப் போட்ட லிங்க்கும் எரிந்துபோனால், அல்லது கப்ளர் உருகி ஒட்டிக்கொண்டிருந்தால். லிங்க்கின் இடத்தில் சாதாரண வயரை வைத்து ஓட்டினால், அடுத்த ஷார்ட்டில் உருகப்போவது முழு வயரிங்.

## அறிகுறி 2: நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் உயிரே இல்லை

டீ குடிக்க நிறுத்தியபோது நன்றாக இருந்த வண்டி, பத்து நிமிடத்தில் பிணம் போலக் கிடக்கும். இதில் பத்துக்கு ஏழு முறை கிளாம்ப்தான் காரணம் என்பது என் அனுபவக் கணக்கு.

இரண்டு கிளாம்ப்களையும் கையால் திருகிப் பாருங்கள். கைக்கே அசைந்தால் அது இறுக்கமாக இல்லை. அசையாவிட்டாலும் உள்ளே உப்புப் பூத்திருக்கலாம். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது: முகப்பு விளக்கு சுவிட்சைப் போட்டு வைத்துவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழிலும் மற்றதை அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பிலும் வையுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். அங்கே 12 வோல்ட் காட்டினால், பேட்டரியின் மின்சாரம் முழுவதும் அந்த மெல்லிய உப்புப் படலத்திலேயே தடுக்கப்பட்டு நிற்கிறது. கிளாம்ப்பைக் கழற்றி, ஆப்பசோடா கலந்த வெந்நீரை ஊற்றிக் கழுவி (செல் மூடிக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது), குமிழையும் கிளாம்ப்பின் உட்புறத்தையும் ஈயம் மினுக்கும் வரை உப்புத்தாளால் தேய்த்து மாட்டுங்கள். மாட்டிய பிறகு மேலே வாஸ்லைன் தடவலாம். மாட்டுவதற்கு முன் உள்ளே கிரீஸ் அப்ப வேண்டாம்.

நெகட்டிவ் வயரின் மறுமுனையைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. அது சேஸிலோ கியர்பாக்ஸிலோ போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். நான் இரண்டாம் கையில் வாங்கிய இந்த வண்டி அதற்கு முன் கடலோரத்தில் மீன் லோடு அடித்தது. பெட்டியிலிருந்து வடிந்த ஐஸ் தண்ணீரின் உப்பு அந்த போல்ட்டை அரித்திருந்த விதத்தை, கழற்றும்போது அது ஸ்பேனரோடு பொடியாக வந்தபோதுதான் பார்த்தேன்.

கிளாம்ப்பும் எர்த்தும் சுத்தமாக இருந்தால் பேட்டரிக்கு வாருங்கள். சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியில், நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதி இறங்கிவிட்டது. 12-க்குக் கீழே போனால் செல்ஃப் அடிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். செல்களுக்கு நடுவே உள்ள ஈய இணைப்பு உள்ளே விரிந்துபோன பேட்டரி, சும்மா இருக்கும்போது 12.5 காட்டிவிட்டு, முகப்பு விளக்கைப் போட்டதும் மூன்று நான்கு வோல்ட்டுக்கு விழும். அப்படி விழுந்தால் அதைச் சார்ஜ் போடுவதும் வீண், மாற்ற வேண்டியதுதான்.

பக்கத்து வண்டியிலிருந்து ஜம்ப் கொடுப்பதானால், அந்த வண்டியும் 12 வோல்ட்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பெரிய லாரியும் பஸ்ஸும் பெரும்பாலும் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டில் ஓடுபவை. உதவிக்கு நிற்கும் லாரிக்காரர் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் கேபிள் உங்கள் பல்புகளையும் டைனமோவையும் சேர்த்து முடித்துவிடும். கேபிளின் கடைசி நெகட்டிவ் முனையை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், இன்ஜினின் இரும்பில் தள்ளி மாட்டுங்கள். பொறி பறந்தாலும் பேட்டரிக்கு அருகில் பறக்காது.

## அறிகுறி 3: விளக்கு எரிகிறது, செல்ஃப் அடிக்கவில்லை

### "டிக் டிக் டிக்" என்று அடுத்தடுத்துச் சத்தம்

பேட்டரி இறங்கிவிட்டது, அல்லது கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. அறிகுறி 2-க்குப் போங்கள்.

### ஒரே ஒரு "டக்", பிறகு அமைதி

முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு செத்துப்போகும் அளவுக்கு மங்கினால் பேட்டரியோ இணைப்போ குறைபாடு. விளக்கு கொஞ்சமும் மங்கவில்லை என்றால் செல்ஃப் மோட்டாருக்குள் மின்சாரம் போகவே இல்லை.

இந்த இடத்தில் எர்த் பட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டீசல் இன்ஜினின் செல்ஃப் நூற்றுக்கணக்கான ஆம்பியரை இழுக்கும். அத்தனையும் இன்ஜினிலிருந்து சேஸுக்கு ஒரு பின்னல் செம்புப் பட்டை வழியாகத் திரும்ப வேண்டும். 300 ஆம்பியர் ஓடும் வழியில் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலும் 3 வோல்ட் அங்கேயே போய்விடும். பட்டை அறுந்தால் மின்சாரம் சும்மா இருக்காது. இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் வேறு எந்த உலோகம் கிடைத்தாலும் அதன் வழியாகப் போகும். ஓரிரவு பழனியைத் தாண்டி நின்றபோது, செல்ஃப் முக்கி முக்கிச் சுற்றியது. நான்கைந்து முறை அடித்துவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் பெடல் மெழுகில் சிக்கியது போல இறங்கியது. பானெட்டைத் திறந்து ஆக்சிலேட்டர் கேபிளைத் தொட்டவன் கையை உதறினேன். உள் குழாய் உருகிக் கம்பியோடு ஒட்டியிருந்தது. கீழே டார்ச் அடித்துப் பார்த்தால், எர்த் பட்டை இரண்டு இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட் செய்த பிறகு ஆக்சிலேட்டர், கிளட்ச், ஸ்டாப் கேபிள்களில் ஏதாவது சூடாக இருந்தால், வேறு எதையும் பார்க்க வேண்டாம், பட்டையைப் பாருங்கள்.

மீட்டரில் சோதிப்பது எளிது. ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் குமிழிலும் மறுமுனையை இன்ஜினின் சுத்தமான இரும்பிலும் வைத்துக்கொண்டு, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் பட்டையை மாற்றுங்கள். வழியில் அகப்பட்டுக்கொண்டால் ஜம்ப் கேபிளின் கறுப்பு வயரைப் பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின் இரும்புக்கு மாட்டிச் செல்ஃப் அடிக்கலாம்.

எர்த் சரியாக இருந்தும் ஒரே "டக்" என்றால், ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, மற்றொருவர் செல்ஃப் மோட்டாரின் உடம்பில் வீல் ஸ்பேனரால் இலேசாகத் தட்டிப் பார்க்கலாம். சுற்றிவிட்டால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. அதே நாளில் பட்டறைக்குப் போங்கள், அடுத்த முறை தட்டினாலும் சுற்றாது.

### சத்தமே இல்லை

செல்ஃப் ரிலே, சாவி சுவிட்ச், செல்ஃப் மோட்டாரின் மேல் இருக்கும் சொலினாய்டின் சின்ன முனைக்கு வரும் வயர் என்ற மூன்றுக்குள் கோளாறு அடங்கும். ரிலேவைச் சோதிக்கப் பணம் வேண்டாம்; ஹாரன் ரிலே அதே எண்ணும் அதே கால்களும் உள்ளதாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். சின்ன முனையின் வயர் அடியில் இருப்பதால் சேறும் எண்ணெயும் படிந்து கழன்றுவிடும். கையால் அழுத்தி மாட்டினாலே பல நேரம் சரியாகிவிடும். சின்ன முனைக்கு நேராக மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதானால், கியர் நியூட்ரலில் இருப்பதை நீங்களே கையால் அசைத்து உறுதி செய்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகே செய்யுங்கள். டயருக்கு முன்னால் படுத்துக்கொண்டு ஒருபோதும் செய்யாதீர்கள்.

எலக்ட்ரீஷியனிடம் போக வேண்டிய கட்டம்: சின்ன முனையில் முழு வோல்டேஜ் வந்தும், பேட்டரியும் எர்த்தும் நன்றாக இருந்தும் செல்ஃப் சுற்றாவிட்டால் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றினால் போதுமா, ஆர்மேச்சரே போய்விட்டதா என்பதைப் பழைய பாகத்தை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

## அறிகுறி 4: சிவப்புப் பேட்டரி விளக்கு எரிகிறது, அல்லது ஓட ஓட விளக்குகள் மங்குகின்றன

இந்தச் சிவப்பு விளக்கை "சார்ஜ்தானே, ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுபவர்கள் அதிகம். நிறுத்திப் பெல்ட்டைப் பார்க்காமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது என்பதே என் கருத்து. பெரும்பாலான டீசல் பிக்கப்களில் பிரேக் பூஸ்டருக்கான வேக்குவம் பம்ப் டைனமோவின் பின்புறத்திலேயே இருக்கிறது. தண்ணீர்ப் பம்ப்பையும் பல வண்டிகளில் அதே பெல்ட் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டும் போகாது, இரண்டு மிதிப்புக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், சிறிது தூரத்தில் இன்ஜினும் கொதிக்கும். முழு லோடோடு இறக்கத்தில் இருக்கும்போது இதைத் தெரிந்துகொள்ள நேர்வது நல்லதல்ல.

பெல்ட் இருந்து, தளர்ந்திருந்தால், இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் இறங்கும். இறுக்குங்கள். பெல்ட்டின் பக்கவாட்டு கண்ணாடி போலப் பளபளத்தால் இறுக்கியும் வழுக்கும்; புதிதாக மாற்ற வேண்டியதுதான்.

பெல்ட் நன்றாக இருந்தால் இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரி குமிழ்களில் மீட்டரை வையுங்கள். 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜ் சரி. முகப்பு விளக்கைப் போட்டு இன்ஜினைக் கொஞ்சம் முடுக்கினாலும் 13.5-க்குக் கீழே போகக் கூடாது. 12.5-லேயே நின்று மெல்ல இறங்கினால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் (ரெகுலேட்டர்) போய்விட்டது. பேட்டரித் தண்ணீர் வேகமாக வற்றுவதும், பல்புகள் அடிக்கடி போவதும் இதன் அடையாளம்.

சார்ஜ் ஏறாவிட்டால் டைனமோவைக் கழற்றுவதற்கு முன் மூன்று சோதனைகள் உண்டு. முதலாவது, டைனமோவின் பின்னால் உள்ள தடித்த வயரின் நட்டு தளர்ந்திருக்கிறதா என்பது. இன்ஜினை அணைத்து, நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். இரண்டாவது, அங்கேயே உள்ள சின்ன கப்ளர். மூன்றாவது பலருக்குத் தெரியாதது: சாவியை ஆன் செய்து இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள், அந்தச் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்பு போயிருக்கலாம். பல வண்டிகளில் டைனமோவுக்கு முதல் உயிர் கொடுக்கும் மின்சாரம் அந்தப் பல்பின் வழியாகவே போகிறது. சில ரூபாய்ப் பல்பு போனதற்காக டைனமோவைப் பிரித்த கதை எங்கள் சந்தையில் ஒன்றுக்கு மேல் உண்டு.

மூன்றும் சரியாக இருந்தால் பிரஷ்ஷோ, கட்-அவுட்டோ, டையோடோதான். இது எலக்ட்ரீஷியன் வேலை. டைனமோவின் உட்புறம் எண்ணெயில் ஊறியிருந்தால் வேக்குவம் பம்ப்பின் ஆயில் சீலையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புதுப் பிரஷ்ஷும் அதே எண்ணெயில் சீக்கிரமே போய்விடும்.

பெல்ட் நல்ல நிலையில் இருந்து சார்ஜ் மட்டும் இல்லாவிட்டால், பகலில், முகப்பு விளக்கும் பாட்டும் இல்லாமல், பேட்டரியை நம்பிச் சில மணி நேரம் ஓட்டலாம். வழியில் இன்ஜினை அணைக்காதீர்கள். இரவில் முகப்பு விளக்குகள் மட்டுமே 9, 10 ஆம்பியர் தின்னும். பழைய பேட்டரி எத்தனை நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டு ஓட்டுவதைவிட விடியும்வரை நிறுத்திவைப்பது மேல்.

## அறிகுறி 5: ஒரே ஃபியூஸ் மாற்ற மாற்றப் போகிறது

ஃபியூஸைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கண்ணாடிக் குழாய் ஃபியூஸில் கம்பி நன்றாகத் தெரிந்தாலும் மூடி ஆடிக்கொண்டிருக்கும். கத்தி ஃபியூஸ்களில் சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர்; போனதன் நிறத்திலேயே புதியதைப் போடுங்கள். செம்பு இழையோ சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளோ வைத்து ஓட்டிய வண்டிகளின் வயரிங் கட்டைப் பிரித்தால் உள்ளே எல்லா வயரும் ஒன்றாய் உருகி, எது எந்த வயர் என்றே தெரியாமல் கிடக்கும்.

புது ஃபியூஸ் போட்ட உடனே போனால் நேர் ஷார்ட். அதைத் தேட ஃபியூஸ்களை வீணாக்க வேண்டாம். ஃபியூஸ் இருந்த இடத்தின் இரு தகடுகளிலும் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை வயர் வைத்து மாட்டுங்கள். அந்த வழியில் உள்ள பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டு, சுவிட்சைப் போடுங்கள். ஷார்ட் இருக்கும்வரை 21 வாட் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், வயருக்கு ஆபத்து இல்லை. இப்போது வயரிங்கை ஒரு முனையிலிருந்து பிடித்து அசைத்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் கை வைக்கும்போது பல்பு அணைகிறதோ, மின்னுகிறதோ, ஷார்ட் அங்கே இருக்கிறது.

பார்க்கிங் லைட் ஃபியூஸ் ஒரு மழைக்காலம் முழுவதும் போய்க்கொண்டிருந்தபோது நான் இப்படித்தான் கண்டுபிடித்தேன். பின் சக்கரத்துக்கு மேலே, பட்டை ஸ்பிரிங் சேஸோடு சேரும் இடத்தில், வயரைப் பிடித்திருந்த கிளிப் கழன்று, லோடு ஏறி இறங்கும்போதெல்லாம் வயர் இரும்பின் விளிம்பில் உரசியிருக்கிறது. அரிசி மணி அளவுக்குச் செம்பு மினுங்கியது. காலி வண்டியில் அது இரும்பைத் தொடவில்லை. பட்டறையில் காலியாக நின்றபோது யாராலும் கண்டுபிடிக்க முடியாததற்கு அதுவே காரணம். லோடோடு மட்டும் போகும் ஃபியூஸை லோடோடுதான் தேட வேண்டும்.

இன்ஜின் ஓட ஓடப் பத்து நிமிடம் கழித்துப் போகும் ஃபியூஸ், ஷார்ட்டைவிட அதிகச் சுமையைக் காட்டுகிறது. பின்னாளில் மாட்டிய எல்இடி பட்டை, பாட்டுப் பெட்டி, கூடுதல் ஹாரன் ஆகியவற்றின் வயரைப் பின்தொடர்ந்து போய், அவை அதே ஃபியூஸில் ஒட்டுப்போடப்பட்டிருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள். எலி கடித்த வயரை இருக்கைக்கு அடியிலும் ஹீட்டர் பெட்டிக்குப் பின்னாலும் தேடலாம்; காய்கறி வண்டியில் எலிக்குப் பஞ்சமில்லை.

எலக்ட்ரீஷியனிடம் போக வேண்டிய கட்டம்: ஷார்ட் டேஷ்போர்டுக்குள் இருக்கும் வயரிங் கட்டுக்குள் என்று தெரிந்தால். அதைப் பிரித்துக் கட்ட ஒரு முழு நாள் பிடிக்கும்.

## அறிகுறி 6: இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுங்குகிறது

அந்த விளக்கின் எர்த் போய்விட்டது. வேறு எதையும் தேட வேண்டாம். பின் விளக்கின் எர்த் ஸ்க்ரூவைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்குங்கள். பெயிண்டுக்கு மேல் ஸ்க்ரூ போட்டால் இரண்டு மாதத்தில் திரும்ப வரும்.

## அறிகுறி 7: ஓட்டும்போது எல்லாம் சரி, காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கிறது

சாவியை எடுத்துவிட்டு, கதவுகளைச் சாத்தி, நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றி, குமிழுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வையுங்கள். மீட்டர் இப்படி இருக்கும்போது சாவியைத் திருப்பிவிடாதீர்கள், மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும். பழைய வண்டியில் 0.05 ஆம்பியருக்கு மேல் காட்டினால் எங்கோ கசிகிறது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. அணையாத கேபின் விளக்கும், சாவி வழியாகப் போகாமல் நேராக இணைத்த பாட்டுப் பெட்டியும் முதல் சந்தேகங்கள்.

எல்லா ஃபியூஸையும் பிடுங்கியும் எண் குறையாவிட்டால், இரவு முழுவதும் நின்ற வண்டியின் டைனமோவை விடியற்காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன், கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள இரும்பெல்லாம் பனியில் சில்லென்று இருக்க, டைனமோ மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் அதன் டையோடு கசிகிறது. டையோடு பிளேட்டை மாற்றும்வரை, இரவில் நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றிவைத்து வண்டியை ஓட்டிக்கொள்ளலாம்.